கைமாறி வரும் கணினிகள்

பழைய கணினி ஒன்று மேசைக்கு வந்ததும் அவர் முதலில் கேட்பது "ராம் எவ்வளவு?" அடுத்தது "முப்பத்திரண்டா, அறுபத்துநாலா?" மூன்றாவதாக, கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்து "இது யாருக்கு?" என்பார். எந்த லினக்ஸைப் போடுவது என்று முடிவுசெய்ய இந்த மூன்று பதில்களும் அவருக்கு வேண்டும். முதல் இரண்டையும் பெட்டியைத் திறந்தே தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதற்குத்தான் யாரையாவது கேட்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தில் பள்ளிகள், மாலைநேரப் படிப்பு மையங்கள், சிறிய கல்லூரிகள் ஆகியவற்றின் கணினிகளைப் பழுதுபார்த்து லினக்ஸ் நிறுவிக் கொடுப்பது அவர் தொழில். டிப்ளமோ முடித்த கையோடு சர்வீஸ் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தொழில் பழகியவர். ஊரின் காலனிப் பகுதியிலிருந்து வந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர். இன்று பிள்ளைகள் அவரை "லினக்ஸ் அக்கா" என்கிறார்கள்.

இந்த வேலை தூசியில்தான் தொடங்கும். பக்கப் பலகையைக் கழற்றி, புளோயரால் ஊதி, ராமை உருவி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் இருபுறமும் தேய்த்து மறுபடி சொருகுவார். "டிஸ்பிளே வரலை" என்று மூலையில் கிடந்த பல பெட்டிகள் இதற்கே எழுந்துவிடும். அதன்பிறகு மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியைப் பார்ப்பார். அது செத்துப்போனால் கணினி ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதியை மறந்து, பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தேதி தப்பானால் பிரவுசர் எந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றையும் நம்பாது. மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கும் பட்டியலும் அந்தக் கணினிக்கு 'எதிர்காலத்தில்' வெளியானதாகத் தெரியும், ஆகவே அப்டேட்டும் நடக்காது. ஒரு பள்ளியில் இந்த ஒரே காரணத்தால் ஒரு வரிசைக் கணினிகளை ஓரங்கட்டி, மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். "லினக்ஸ் போட்டதுலேர்ந்து நெட் வரல மிஸ், நம்ம பிள்ளைங்களுக்கு இதுதான் கெடைக்கும்னு கொடுத்துட்டாங்க" என்றார் ஆசிரியை. முப்பது நாற்பது ரூபாய் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தபின் எல்லாம் ஓடின.

ஆசிரியை சொன்னதில் இரண்டாவது பாதியைத்தான் அவர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார். பழுது இருந்தது பேட்டரியில். ஆனால் பள்ளிக்கூடம், பிள்ளைகள், இயங்குதளம் மூன்றையும் ஒரே மூச்சில் மட்டமாக எண்ணும் மனநிலை அங்கே முன்பே இருந்தது. பழுது அதற்குச் சாட்சியாகிவிட்டது, அவ்வளவுதான்.

கணினிகள் கைமாறும் வழி அவருக்கு மனப்பாடம். சென்னையில் ஓர் அலுவலகம் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும். அது ரிட்சி தெருவின் கணினிக் கடைகள் வழியாகவோ நன்கொடையாகவோ ஒரு தனியார் பள்ளிக்குப் போகும். அங்கே வயதானபின் ஒரு கிராமப் பள்ளிக்கு. கடைசியாக, யாராவது இரக்கப்பட்டு, காலனியில் இளைஞர்கள் நடத்தும் இரவுப் படிப்பு மையத்துக்கு. ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒன்று உருவப்படும். ஓரிடத்தில் ஒரு ராம் போகும், இன்னோரிடத்தில் ஹார்ட் டிஸ்க். கீழே வரும்போது விண்டோஸ் உரிமமும் இருக்காது, அதைத் தாங்கும் சக்தியும் பெட்டிக்கு இருக்காது. அங்கே லினக்ஸ் கட்டாயமாகிறது. வசதியுள்ளவர் விருப்பத்தால் லினக்ஸுக்கு மாறுகிறார், பிடிக்காவிட்டால் மறுவாரம் வேறொன்றுக்குப் போகிறார். படிப்பு மையத்துக்கு அந்த வசதி இல்லை. இயங்குதளம் மாற வேண்டிய தேவை கீழே வர வர ஏறிக்கொண்டே போகிறது, மாற்றிக்கொடுக்கும் ஆள் குறைந்துகொண்டே வருகிறார். தன் தொழிலில் அவர் கண்ட ஏற்றத்தாழ்வு இதுதான்.

அவர் முதன்முதலாகத் தொட்ட லினக்ஸ், கடை அலமாரியில் அட்டை உறையில் இருந்த உபுண்டு சிடி. 2004 அக்டோபரில் உபுண்டுவின் முதல் பதிப்பு வந்த காலத்திலிருந்து ஷிப்இட் என்றொரு திட்டம் நடந்துவந்தது. முகவரி எழுதிப்போட்டால் உலகின் எந்த மூலைக்கும் சிடி தபாலில் வந்துசேரும், தபால் செலவும் கிடையாது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டிய பிள்ளைகளுக்கு 700 எம்பி கோப்பை இறக்குவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அந்த உறை அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. 2011 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வந்த 12.10 பதிப்பு, ஒரு சிடியில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது. பென்டிரைவிலிருந்து பூட் ஆகாத பயாஸும் சிடி டிரைவும் மட்டுமே கொண்ட பெட்டிகள் அன்றைக்கே பின்தங்கத் தொடங்கின.

பிறகு 32 பிட் பிரச்சினை. 2017 அக்டோபரில் வெளியான 17.10 பதிப்போடு உபுண்டு தன் டெஸ்க்டாப்புக்கான 32 பிட் நிறுவியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டே கூகுள் குரோம் 32 பிட் லினக்ஸைக் கைவிட்டிருந்தது. அவர் படிப்பு மையங்களின் பெட்டிகளை உபுண்டுவின் இலகுவான வடிவமான லுபுண்டுவுக்கு மாற்றினார். 18.10-க்குப் பின் அங்கேயும் 32 பிட்டுக்கு இடமில்லை. அடுத்து டெபியன். எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலோடு ஒரு ஜிபி ராமிலும் அது முனகாமல் ஓடியது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 வரை அந்தப் பெட்டிகளுக்கு இடம் இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் நிறுவி இல்லை.

இந்த முடிவுகளை எடுத்தவர்கள் மேல் அவருக்குக் கோபமில்லை. பராமரிப்பவர்கள் சிலர், அவர்களிலும் பலர் சம்பளமின்றி உழைப்பவர்கள். சோதித்துப் பார்க்க அந்தப் பழைய வன்பொருள் அவர்களிடமே இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தின் விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள். இயங்குதளம் மாறிய மறுநாள், ஆசிரியை நோட்டில் எழுதிவைத்த படிகள் எதுவும் திரையோடு பொருந்தாது. 'இடது கீழ் மூலையில் அழுத்தவும்' என்று இருக்கும். மெனு இப்போது மேலே இருக்கும். தமிழ்99 விசைப்பலகையைக் கொண்டுவரும் குறுக்குவிசை மாறியிருக்கும். பிரின்டர் பேசாது. நகரத்துப் பையன் வீட்டிலிருக்கும் மடிக்கணினியில் பத்து நிமிடத்தில் புதுத் திரைக்குப் பழகிவிடுவான். வாரத்தில் ஒரு பீரியட் மட்டுமே கணினியைத் தொடும் பிள்ளைக்குப் பழகவே ஒரு மாதம் ஆகும். அதனால்தான் எந்த டிஸ்ட்ரோவைப் போட்டாலும் மெனு, ஐகான், விசை எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வருவார். பல டெக்னீஷியன்கள் இதை வேலை என்றே கணக்கில் எடுப்பதில்லை. அவர் நேரத்தில் பாதி இதற்கே போகிறது.

சர்வர்களிலும் இதே கதை. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பி ஒரு சிறிய கல்லூரி தன் தேர்வு சர்வரை அதில் வைத்திருந்தது. 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு, ஆதரவு 2021 கடைசியோடு முடியும் என்றது. 2021-லேயே மாற்றாக அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்து நிலைமையைக் காப்பாற்றின. பெரிய நிறுவனங்கள் அதற்கென்று குழு அமைத்து மாறின. கல்லூரியில் அது ஒருவரின் விடுமுறை நாட்களை விழுங்கியது.

அரசே லினக்ஸுக்கு முயன்ற காலமும் உண்டு. தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி.உமாசங்கர், 2007 வாக்கில் அந்த நிறுவனத்தின் சொந்தக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக்காட்டினார். அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வாங்கும் கணினிகளிலும் லினக்ஸைக் கொண்டுவர முனைந்தார். அவர் தலித் சமூகத்தைச் சேர்ந்த ஐஏஎஸ் அதிகாரி. எல்காட்டை விட்டு வேறு பொறுப்புகளுக்குப் போனபின், 2010 ஜூலையில், சாதிச் சான்றிதழ் தொடர்பான குற்றச்சாட்டில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இதையும் லினக்ஸையும் முடிச்சுப் போடுவதற்கில்லை. ஆனால் மூத்த அதிகாரி ஒருவரின் பிறப்பை இப்படிப் பொதுவெளியில் எடைபோட்ட அந்த வாரங்களில், சர்வீஸ் கடையில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த இளம்பெண் அந்தச் செய்தியை வரி விடாமல் படித்தார்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது, தமிழ் இடைமுகம் கொண்டது. லட்சக்கணக்கான ஏழை வீடுகளுக்குள் முதல் கணினி இப்படித்தான் நுழைந்தது. அதன் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் பாஸ் எதற்கு, அதில் என்ன செய்யலாம் என்று சொல்லித்தர பெரும்பாலான பள்ளிகளில் ஆளில்லை. பிள்ளைகள் மடிக்கணினியை நேராக டவுன் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்து, திருட்டு விண்டோஸ் ஏற்றி, கூலி வாங்கிக்கொண்டார். "கவர்மென்ட் லேப்டாப்னா இப்படித்தான் இருக்கும், நல்லதா போட்டுத் தர்றேன்" என்ற பேச்சு கடைக்குக் கடை கேட்டது. 2018-ல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டு இடம்பெற்றது நல்ல மாற்றம். ஆனால் புத்தகத்தில் இருந்தது ஒரு திரை, மடிக்கணினியில் இருந்தது இன்னொரு திரை. இரண்டும் அடியில் ஒன்றே என்று விளக்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்து அவர் பொறாமைப்படுவதுண்டு. கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டம் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. முதலில் டெபியனை ஒட்டிய பதிப்பு, பிறகு உபுண்டுவை ஒட்டியது. அந்த அமைப்புதான் இன்று கைட். 2019-ல் உபுண்டு 18.04 அடிப்படையிலான பதிப்பை வெளியிட்டபோது 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கணினிகள் அதில் ஓடும் என்றும், உரிமச் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் கைட் கணக்குச் சொன்னது. அந்தத் தொகையைவிட அவருக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கே இயங்குதளம் மாறியபோது பாடநூலும் மாறியது, ஆசிரியருக்குப் பயிற்சியும் நடந்தது. மாறும் சுமையைப் பிள்ளையின் தலையில் வைக்காமல் அரசே சுமந்தது. ஸ்பெயினின் ஏழைப் பிராந்தியங்களில் ஒன்றான எக்ஸ்ட்ரீமதுரா 2002-ல் டெபியனை வைத்து லினெக்ஸ் என்று தனக்கென ஓர் இயங்குதளம் உருவாக்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்ததும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஏழைகளுக்குக் கழித்துக்கட்டியதைக் கொடுப்பதும், ஏழைகளை மனதில் வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டுவதும் வேறுவேறு காரியங்கள்.

தொழிலுக்குள் அவர் வாங்கிய அடிகள் தனி. டூல்கிட்டோடு போய் நின்றால் "அண்ணன் வரலியாம்மா?" என்பார்கள். அண்ணன் பின்னால் வருகிறார் என்று எண்ணி நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காக்கவைத்தவர்களும் உண்டு. சர்வர் அறைச் சாவியை உதவிக்கு வந்த பையன் கையில் கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டையும் அவனிடமே சொன்ன அலுவலகம் உண்டு. அதைவிடக் கடினமான கேள்வி வீடுகளில் வரும். வேலை பாதி முடியும்போது, சாவகாசமாக, "எந்த ஊரும்மா?" ஊரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" பதில் தெரிந்ததும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்த காபி வெளியே வராமலே போய்விடும். ஒரு வீட்டில் அவர் தொட்ட கீபோர்டை, அவர் கண்முன்னாலேயே, ஈரத்துணியால் துடைத்தார்கள். அன்று அவர் கூலியை முழுதாக வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுபடி அந்த வீட்டிலிருந்து அழைத்தபோது போகவில்லை.

கட்டற்ற மென்பொருள் உலகத்தில் பிறப்பை யாரும் கேட்பதில்லை, நிரல்தான் பேசும் என்ற நம்பிக்கையோடுதான் அவர் உள்ளே வந்தார். அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. 2006-ல் வெளியான, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ஓர் ஆய்வு, இந்தத் துறையில் பங்களிப்போரில் பெண்கள் சுமார் 1.5 சதவீதம் என்று கண்டது. கிட்ஹப்பில் பங்களிப்புகளை அலசிய இன்னோர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. மொத்தத்தில் பெண்களின் நிரல்கள் ஆண்களுடையதைவிடச் சற்று அதிகமாகவே ஏற்கப்பட்டன. ஆனால் ஒரு திட்டத்துக்குப் புதியவராகவும், பெயரிலோ படத்திலோ பெண் என்று தெரியக்கூடியவராகவும் இருந்தால் ஏற்பு சரிந்தது. நிரல் பேசுவதற்கு முன்பே பெயர் பேசிவிடுகிறது. பெண்களுக்கான குழுக்களான லினக்ஸ்சிக்ஸ் 1998-லும் டெபியன் விமன் 2004-லும் தோன்றியதற்கும், லினக்ஸ் கெர்னலுக்கு 2018-ல் நடத்தை நெறி வந்ததற்கும் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் குவிந்து கிடக்கின்றன.

யாரும் வேண்டுமென்று செய்யாத தடைகளும் உண்டு. டெபியன் நிறுவியில் தமிழ் இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் வரிவரியாக மொழிபெயர்த்து வைத்தது. ஆனால் அது படமுறை நிறுவியில்தான் கிடைக்கும். வெறும் எழுத்துமுறைத் திரைக்குத் தமிழின் கொம்பையும் காலையும் சேர்த்து வரையத் தெரியாது என்பதால் அங்கே மொழிப் பட்டியலில் தமிழே வராது. மிகப் பழைய பெட்டிகளில், கிராஃபிக்ஸ் தகராறு செய்தால், கைகொடுப்பது எழுத்துமுறை நிறுவிதான். ஆக, ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்குக் கிடைக்கும் பழைய பெட்டி அவளிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசும். அதனால் படிப்பு மையங்களில் நிறுவும் வேலையை அவர் பிள்ளைகளோடு சேர்ந்தே செய்வார். ஒரு பிள்ளை நிறுவியின் ஒவ்வொரு திரையையும் வாய்விட்டு வாசிக்கும், இன்னொரு பிள்ளை தமிழில் எழுதிக்கொள்ளும். பார்ட்டிஷன் பிரிக்கும் திரைக்கு வந்ததும் எல்லோரும் நெருங்கி வந்து நிற்பார்கள். தப்பாக அழுத்தினால் எல்லாம் போய்விடும் என்ற பயம் அங்கேதான். தைரியமாக அழுத்தச் சொல்வார். போனால் மறுபடி போடலாம், அதற்குத்தானே வந்திருக்கிறோம் என்பார்.

ஊரிலேயே துணை உண்டு என்பது அவருடைய பலம். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாகக் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறது. அந்தக் குழுவின் முயற்சியால் 2023 ஜனவரியில் டெபியனின் சிறு மாநாடான மினி டெப்கான்ஃப் விழுப்புரத்தில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சிக்கு வந்தது. இப்படிப்பட்ட கூட்டங்கள் சென்னையில் நடந்தபோது கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கவே பாதியில் எழுந்து வர வேண்டியிருந்தது. சொந்த ஊரில் நடந்தபோது பெண் பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டு வந்து, கடைசிப் பேச்சு வரை உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். யார் உள்ளே வரலாம் என்பதைப் பாதி அதுவே முடிவுசெய்கிறது. பெங்களூரு குரப்பனபாளையாவின் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் தொடங்கிய அம்பேத்கர் சமூகக் கணினி மையமும் இதைப் புரிந்துகொண்ட முயற்சி. அங்கே பழைய கணினிகளில் பிள்ளைகள் ஜிம்ப் வைத்து ஓவியம் வரையப் பழகினார்கள். கணினி அவர்கள் தெருவுக்கே வந்தது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பெட்டிகளை அலுவலகங்கள் கழிக்கின்றன. அவருக்கு இது நல்ல காலம். வருபவை 64 பிட், பலவற்றில் நான்கு ஜிபிக்குக் குறையாத ராம். டெபியன் 13 அவற்றில் தாராளமாக ஓடும். 32 பிட் பெட்டிகளுக்கு ஒருவழியாக ஓய்வு கொடுக்கலாம்.

ஆனால் நன்கொடை தர முன்வருபவர்களிடம் இப்போது அவர் சில நிபந்தனைகள் வைக்கிறார். ராமையும் டிஸ்க்கையும் உருவாமல் தர வேண்டும். கழித்து ஓராண்டு கிடங்கில் போட்டுவைத்த பிறகு தரக் கூடாது. பெட்டிகளோடு, அவற்றைப் பார்த்துக்கொள்ள அந்தத் தெருவிலேயே இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஓராண்டுப் பயிற்சிக்கும் மாதச் சம்பளத்துக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். அடுத்த முறை டெபியனோ உபுண்டுவோ எதையாவது நிறுத்தும்போது, வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை கணினிகளைத் துணிபோட்டு மூடிவைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். சில நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பவர்களிடம் அவர் வாங்குவதில்லை.